பொருள்தெரி நிலையும் பணிப்புரையும்
(நரிக்குடி வட்டாரச் சொற்களை முன்வைத்து ஓர் ஆய்வு)

1. தோற்றுவாய்

ஒருவர் ஒரு தொழிலை மற்றொருவர்பாற் பணிக்குங்கால், பணிப்போர் உள்ளத்துள்ளன எல்லாம் சொல்லாக வெளிப்படுவதில்லை. வெளிப்படல் வேண்டுமென்னும் இன்றியமையாமையும் இல்லை. பல்லாண்டு உடனிருந்து பயின்ற மாணவரிடம், 'அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்து வைக்க' என்று சொன்ன அளவில், எந்தப் பட்டியல், எதனோடு ஒத்து நோக்கல் வேண்டும், எவ்வளவில் நிறுத்தல் வேண்டும் என்பனவற்றை அவர் தாமே உணர்ந்துகொள்வர். இவ்வுணர்வு சொல்லினின்று மட்டும் எழுந்ததன்று. இருவரும் ஒருங்கு பயின்ற சூழலினின்று எழுந்ததாகும்.

2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. அதன்பின் அதனையொத்த கருவிகள் பல தோன்றி, அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் நாட்பணிக்குத் துணையாயின. தமிழாய்வாளரும் இவற்றைக் கொண்டு சொற்பட்டியல் அமைத்தல், ஒலிப்பதிவை எழுத்தாக்கல், நீண்ட கட்டுரைகளைச் சுருக்கல் முதலிய பணிகளைச் செய்துகொள்ளத் தொடங்கியுள்ளனர். ஆயின், உடன் பயின்ற மாணவரிடம் பேசுவது போலவே இக்கருவியிடமும் பேசுகின்றனர். விடை பிழைபடின் கருவியைப் பழிக்கின்றனர். இப்பிழையுள் ஒரு பகுதி பணிப்போரிடத்தே தோன்றுவது என்பதும், அதனைத் தவிர்க்கும் நெறி நம் இலக்கண நூல்களிலேயே விளங்கக் கிடக்கின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. ஆங்கிலத்திற் பிராம்ப்ட் என வழங்கும் சொல்லை ஈண்டுப் பணிப்புரை என்றும், காண்டெக்ஸ்ட் என வழங்கும் சொல்லைச் சார்பு என்றும் குறிப்பாம்.

2. நரிக்குடிச் சொற்கள்

விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி வட்டத்தில் உள்ளது நரிக்குடி. அருப்புக்கோட்டையினின்று திருச்சுழி வழியே மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் அது. வானம் பார்த்த புஞ்சையும், கண்மாய்ப் பாசனமும், சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரியாக்கும் தொழிலும் அப்பகுதி மக்களின் வாழ்வோடு கலந்தவை. ஆண்டில் பெரும்பகுதி நீரின்றிக் கிடக்கும் நிலமாதலின், நீர் பற்றிய சொற்கள் அங்கு மிக நுட்பமாக வேறுபடுத்தி வழங்கப்படுகின்றன.

அப்பகுதியின் உழவு, நீர், கரித்தொழில் பற்றிய வழக்குச் சொற்களை முதுகலை மாணவர் சிலர் என் மேற்பார்வையில் திரட்டினர். திரட்டிய சொற்களுக்கு முதல்நிலைப் பொருட்குறிப்பு எழுதும் வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றினிடம் பணித்தோம். முதற்கண் யாம் அளித்த பணிப்புரை ஒரே தொடராக இருந்தது: 'கீழ்க்காணும் தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் எழுதுக.' அதன்கீழ்ச் சொற்கள் வரிசையாக நின்றன.

விடை விரைந்து வந்தது. நடையும் செப்பமாக இருந்தது. மூட்டம் என்பதற்கு 'மேகம் கவிந்த நிலை' என்றும், கருது என்பதற்கு 'எண்ணு, நினை' என்றும், மறுகால் என்பதற்கு 'மற்றொரு கால்' என்றும், மடை என்பதற்கு 'தெய்வத்திற்கு இடும் படையல்' என்றும் குறிப்புகள் அமைந்திருந்தன. நரிக்குடி உழவர்க்கோ மூட்டம் என்பது விறகைக் கரியாக்குதற்கு அடுக்கி மண்ணால் மூடித் தீயிடும் கரிமூட்டம். கருது என்பது கதிர். மறுகால் என்பது கண்மாய் நிறைந்தபின் கலுங்கின் வழியே வெளிச்செல்லும் மிகைநீர். மடை என்பது கண்மாயினின்று வயலுக்கு நீர் திறந்துவிடும் வாய்.

கருவி தந்தவற்றுள் மறுகால் ஒன்று ஒழிய ஏனையவை தமிழில் இல்லாத பொருள்கள் அல்ல. மடை என்பது படையலைக் குறித்தல் இலக்கிய வழக்கு. கருது என்பது வினைச்சொல்லாயின் எண்ணுதலே. ஆகவே கருவி தமிழ் அறியாது பிழைத்தது என்று சொல்லுதற்கில்லை. அஃது அறிந்த பல பொருள்களுள் யாம் வேண்டிய பொருள் யாது என்பதை யாம் அறிவித்திலேம் என்பதே உண்மை.

இதனைச் சிறு பிழையெனத் தள்ளுதல் கூடாது. கரிசற்காட்டு வழக்கை அறியாத நகர மாணவர் ஒருவர் இக்குறிப்புகளை அவ்வாறே ஏற்பாராயின் அவை ஆய்வேட்டில் இடம்பெறும். ஏடு இணையத்தில் ஏறும். இணையத்தினின்று நாளைய கருவிகள் அதனையே மீண்டும் பயிலும். மூட்டம் போட்டுப் பிழைக்கும் மக்களின் சொல், அவர் வாயில் வழங்கிக்கொண்டிருக்கும்போதே, எழுத்துச் சான்றில் பொருள் மாறிப்போகும்.

3. கருவி பொருள் கொள்ளும் முறை

இக்கருவிகளின் அடிப்படை மொழி மாதிரி எனப்படும். பெரும்பாலானவை 2017ஆம் ஆண்டு கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளர் வெளியிட்ட டிரான்ஸ்பார்மர் என்னும் அமைப்பைத் தழுவியன. எழுத்துத் தொடரை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரித்து, முன்னின்ற துண்டுகளை நோக்கி அடுத்து வரத்தக்க துண்டு யாதெனக் கணித்தலே இம்மாதிரிகளின் தொழில். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு இக்கணிப்பிற் பயிற்றப்பட்டமையின், கேள்விக்கு விடையும் கட்டளைக்கு வினையும் தரவல்லனவாகத் தோற்றுகின்றன.

கருவிக்குப் பொருள் தருவன இரண்டு. ஒன்று, பயிற்சிக் காலத்தில் அது பெற்ற பொதுவறிவு. மற்றொன்று, அவ்வேளையில் அதன் முன்னர் வைக்கப்பட்ட எழுத்து. முன்னது பயன்படுத்துவோர் கையில் இல்லை. பின்னதே நம் கையிலுள்ளது. முன்வைத்த எழுத்தில் சார்பு விளங்காதவழிக் கருவி பயிற்சியில் மிகுதியாகக் கண்ட வழக்கின்பாற் சாயும். எழுத்துலகில் மேகமூட்டம் மிகுதி; கரிமூட்டம் அரிது. ஆதலின் வறண்ட நிலத்து உழவர் சொல் தோற்று, செய்தித்தாட் சொல் வெல்லும்.

தமிழுக்கு மற்றொரு தடையும் உண்டு. யூனிகோடு எழுத்துமுறையை யூடிஎப்-8 வடிவிற் பதியுங்கால் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டும், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டும் வேண்டப்படும். மொழி மாதிரிகள் பலவற்றில் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லினும் மிகுதியான துண்டுகளாகப் பிளவுபடுகின்றது. கருவி ஒரே வேளையில் நோக்கவல்ல எழுத்தின் அளவிற்கு எல்லை உண்டாதலின், ஒரே அளவுள்ள இடத்தில் தமிழ்ச் செய்தி குறைவாகவே அடங்கும். ஆகவே தமிழிற் பணிப்போர் எதனைச் சொல்லல் வேண்டும், எதனை விடல் வேண்டும் என்பதைச் சிறப்பாக ஆராய்தல் வேண்டும்.

4. வினை, இனம், சார்பு

ஒரு சொல் பல பொருள் பயக்குமிடத்துக் கேட்போர் பொருளை எங்ஙனம் தெளிவர் என்னும் வினாவைத் தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் எழுப்பி விடை காண்கின்றார். பல பொருள் ஒரு சொல்லை அவர் இருவகைப்படுத்துவர். வினையால் வேறுபடுவன ஒருவகை. அங்ஙனம் வேறுபடாதன மற்றொருவகை. முன்னையவற்றின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியப்படும். பின்னையவற்றின் பொருளைச் சொல்வோனே வெளிப்படக் கிளந்து கூறல் வேண்டும். ஒன்றைக் கருதிச் சொல்பவன் அக்கருத்துப் புலனாகுமாறு தெரித்துச் சொல்லுதல் கடன் என்பது அவர் கருத்து.

உரையாசிரியர்கள் இதற்கு மா என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவர். அது பூத்தது எனின் மரம் என்பது வினையால் விளங்கும். வேறு மரங்களோடு சேர்த்து எண்ணப்படின் இனத்தால் விளங்கும். போர்க்கோலம் பூண்டு நிற்பான் ஒருவன் அதனைக் கொணருமாறு ஏவின் குதிரை என்பது சார்பால் விளங்கும். மூன்றாவது காட்டு ஈண்டு மிகவும் கருதத்தக்கது. ஏவப்பட்டவன் பொருளை உணர்ந்தது காதாலன்று, கண்ணால். ஏவியவன் அணிந்த கவசத்தை அவன் கண்டான். நம் கருவியோ நாம் எழுத்தில் வைத்ததை யன்றி நம் கோலத்தைக் காண்பதில்லை. கவசம் பூண்டு நிற்றலையும் சொல்லாற் சொன்னாலன்றி அதற்குக் குதிரை விளங்காது.

இந்நெறியை நரிக்குடிச் சொற்களிற் பொருத்திப் பார்த்தோம். கருது என்னும் தனிச்சொல்லுக்கு மாறாகக் 'கருது அறுத்தாச்சு' என்னும் தொடரை அளித்தபோது, அறுத்தல் என்னும் வினையே கதிர் என்னும் பொருளைத் தந்துவிட்டது. மூட்டம் என்பதனைக் கட்டை, வைக்கோல், மண், கரி என்னும் சொற்களோடு ஒருங்கு வைத்தபோது இனத்தால் விளங்கிற்று. மறுகால் என்பதற்குப் பேசினவர் கண்மாய்ப் பாசன உழவர் என்பதும், பேச்சு அடைமழைக்குப் பின் நிகழ்ந்தது என்பதும் சார்பாக உதவின. 'மூட்டம் பெருசா இருக்கு' என்னும் தொடரிலோ வினையும் உதவவில்லை. மேகத்திற்கும் அது பொருந்தும், கரிக்கும் பொருந்தும். ஈண்டுக் கிளந்து கூறலே வழி. 'இது கரிமூட்டம்' என்று குறித்தோம், ஐயம் அகன்றது.

5. பாயிரமும் பணிப்புரையும்

சார்பு தருக என்று சொல்லுதல் எளிது. எவையெவை சார்பாவன என்று வரையறுத்தல் அரிது. இதற்கு நம் பாயிர இலக்கணம் துணைசெய்கின்றது. நூலினுட் புகுவோர் முன்னறிதற்குரியனவாக நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்கு எட்டுச் செய்திகளை வகுத்தார். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிப் பதினொன்றென்பாரும் உளர் என்றார். இவற்றுட் பெரும்பாலன பணிப்புரைக்கும் பொருந்துதல் காணலாம்.

ஆக்கியோன் பெயர் என்பது முதலாவது; பணிப்புரைக்கு அது பணிப்பவர் இன்னார் என்பதாம். பணிப்பவர் அகராதி தொகுப்பவரா, பள்ளிப் பாடம் எழுதுபவரா என்பதற்கேற்ப ஒரே சொல்லின் குறிப்பு வேறுபடும். வழி என்பது எம்முதனூலைப் பின்பற்றல் வேண்டும் என்பது. எம் பணியில் மாணவர் எழுதிய கள ஏடே முதனூல், கருவியின் பொதுவறிவு அன்று. எல்லை என்பது அச்சொல் வழங்கும் நிலம். நீர்நிலை ஒன்றனையே வடமாவட்டங்களில் ஏரி என்பர். திருநெல்வேலிப் பக்கத்திற் குளம் என்பர். மதுரை, இராமநாதபுரம், விருதுநகர்ப் பகுதிகளிற் கண்மாய் என்பர். எல்லை குறியாது நீர்நிலைச் சொல்லுக்குப் பொருள் கேட்டல் பயனின்று.

யாப்பு என்பதனைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகையாக நன்னூலார் பகுப்பர். கருவியிடம் பணிக்கப்படும் எழுத்துவேலை பெரும்பாலும் இந்நான்கனுள் அடங்கும். இவற்றுள் எதனை வேண்டுகின்றோம் என்பதை நாமே தெளியாது 'இதைச் சீர்செய்க' என்போமாயின், தொகுக்க வேண்டியதைக் கருவி விரித்துத் தரும். நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன வெளிப்படை. கேட்போர் முதுகலை மாணவர் எனின் இலக்கணக் குறிப்பு வேண்டும். ஊராட்சிப் பள்ளிச் சிறுவர் எனின் வேண்டா.

காலமும் புறக்கணிக்கத்தக்கதன்று. நரிக்குடி இன்று விருதுநகர் மாவட்டத்தது. 1985ஆம் ஆண்டுப் பிரிவினைக்கு முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தது. 1970ஆம் ஆண்டு ஆவணத்தில் 'இராமநாதபுரம் மாவட்டம், நரிக்குடி' என்றிருப்பதைப் பிழையெனத் திருத்திவிடாதிருத்தற்கு ஆவணத்தின் ஆண்டைக் கருவிக்கு உரைத்தல் வேண்டும்.

இம்முறையில் யாம் திருத்தி அமைத்த பணிப்புரை வருமாறு:

'நான் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை ஆசிரியர். விருதுநகர் மாவட்டம் நரிக்குடிப் பகுதியில் இன்று வழங்கும் உழவு, நீர், கரித்தொழில் சொற்களுக்கு அகராதிக் குறிப்பு எழுதுகிறோம். கீழே ஒவ்வொரு சொல்லோடும் அது வந்த பேச்சுத்தொடர், பேசியவரின் தொழில், ஊர் ஆகியவை உள்ளன. அத்தொடரில் அச்சொல் தரும் பொருளை மட்டும் ஒரு வரியில் எழுதுக. பொதுத்தமிழில் வேறு பொருள் இருப்பின் அதைத் தனி வரியில் காட்டுக. இரண்டையும் கலக்க வேண்டாம். தொடரிலிருந்து பொருள் தெளியாதபோது ஊகிக்காமல் "களத்தில் கேட்க" என்று எழுதுக. இலக்கிய மேற்கோள் எதுவும் சேர்க்க வேண்டாம். படிப்போர் முதுகலை மாணவர்.'

இதனால் வந்த விடையில் மூட்டம், கருது, மறுகால், மடை நான்கும் செம்மையுற்றன. சில சொற்களுக்குக் 'களத்தில் கேட்க' என்னும் குறிப்பு வந்தது. அக்குறிப்புகளே எமக்கு மிகவும் பயன்பட்டன. எவ்விடத்து நம் சான்று போதாது என்பதை அவை சுட்டின.

பணிப்புரையில் 'ஊகிக்காமல்' என்று விலக்கியதோடு நில்லாது, ஊகம் தோன்றுமிடத்துச் செய்யத்தக்கது இன்னது என்றும் விதித்திருத்தல் காண்க. விலக்கு மட்டும் கூறி விதி கூறாது விடின், கருவி விடையின்றி நிற்க அறியாது ஏதேனும் ஒன்றை இட்டு நிரப்பும்.

6. காட்டுத் தருதல்

காண்டிகையுரைக்குரிய உறுப்புகளுள் ஒன்று காட்டு, அஃதாவது எடுத்துக்காட்டு. விதியை எத்துணை விரித்துரைப்பினும் காட்டு ஒன்று தரும் தெளிவை அது தருவதில்லை என்பது ஆசிரியத் தொழில் புரிவார் அனைவரும் அறிந்ததே. கருவிக்கும் இஃது ஒக்கும். 2020ஆம் ஆண்டு ஜிபிடி-3 என்னும் மொழி மாதிரியைப் பற்றி ஓப்பன்ஏஐ நிறுவன ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரை, புதிதாகப் பயிற்றாமலே, பணிப்புரையுள் சில காட்டுகளை வைத்த அளவில் கருவி புதிய பணியைச் செய்யக் கற்கும் என்பதை விரிவாக நிறுவிற்று.

ஆயின் காட்டுகளைத் தேர்தலிற் கருத்து வேண்டும். யாம் முதலில் மூன்று காட்டுகள் தந்தோம். மூன்றும் உழவு பற்றிய பெயர்ச்சொற்களாக அமைந்துவிட்டன. கருவி கரித்தொழிற் சொற்களுக்கும் உழவுப் பொருளே காணத் தலைப்பட்டது. காட்டில் நாம் கருதியது குறிப்பின் வடிவம். அது கொண்டதோ பொருளின் துறை. பின்னர் உழவுச் சொல் ஒன்று, கரித்தொழிற் சொல் ஒன்று, பொருள் தெளியாமையாற் 'களத்தில் கேட்க' என்று விடப்பட்ட சொல் ஒன்று என மாற்றி வைத்தோம். தெளியாத சொல்லுக்கும் ஒரு காட்டு வைத்தமையால், ஐயத்தை ஐயமாகவே விடுதல் தகும் என்பது கருவிக்கு விளங்கிற்று.

7. பணிப்புரையிற் காணும் குற்றங்கள்

நூற்குற்றம் பத்தென நன்னூலார் கூறுவர். அவற்றுள் நான்கு பணிப்புரைக்கு மிகவும் உரியன.

குன்றக் கூறல் என்பது எம் முதற் பணிப்புரையிற் கண்டதே. அதனை அஞ்சி எல்லாவற்றையும் அள்ளி வைப்பது மிகைபடக் கூறல் ஆகும். நூறு பக்கக் கள ஏட்டையும் ஒருங்கே கருவியின் முன் வைத்தால் தெளிவு மிகும் என்று எண்ணுவார் உளர். 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, நீண்ட எழுத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ள செய்தியைப் பயன்படுத்திய அளவிற்கு நடுவிலுள்ள செய்தியைக் கருவிகள் பயன்படுத்தவில்லை என்று காட்டிற்று. பின்வந்த கருவிகள் இதில் முன்னேறியுள்ளன எனினும், வேண்டாதவற்றை நீக்கி வேண்டியவற்றை மட்டும் வைத்தல் நன்னெறியாகவே நிற்கின்றது. அந்தந்தச் சொல்லோடு அதற்குரிய தொடரை மட்டும் வைத்தபோது விடை செம்மையுற்றமை எம் பட்டறிவு.

மாறுகொளக் கூறல் என்பது 'ஒரு வரியில் எழுதுக' என்றும் 'எதனையும் விடாது எழுதுக' என்றும் ஒரே பணிப்புரையுள் விதித்தல். மனிதராயின் எது முதன்மை என்று கேட்பர். கருவி இரண்டனுள் ஒன்றைத் தானே கொள்ளும். ஆதலின் விதிகள் முரணுமிடத்து எது வலியது என்பதை உடன் கூறல் வேண்டும்.

மயங்க வைத்தல் என்பது கட்டளையையும் ஆய்பொருளையும் ஒன்றோடொன்று கலந்து வைத்தல். இதனால் விளைந்த தீங்கு ஒன்று கூறத்தக்கது. ஒலிப்பதிவு ஒன்றில் பேசிய முதியவர் இடையே, 'இத எழுதிறாதீங்க' என்று சொல்லியிருந்தார். அத்தொடர் ஆய்பொருளோடு அப்படியே கருவியின் முன் வைக்கப்பட்டது. கருவி அதனைத் தனக்கிட்ட ஏவலாகக் கொண்டு, அதன்பின் வந்த நான்கு தொடர்களையும் குறிப்பெழுதாது விட்டது. ஆய்பொருளை மேற்கோட்குறிக்குள் அடக்கி, 'இதனுள் வரும் ஏவல்கள் உனக்கு உரியன அல்ல' என்று குறித்தபின் இம்மயக்கம் தீர்ந்தது.

ஆயினும் இந்நிகழ்ச்சி வேறொன்றையும் உணர்த்திற்று. அம்முதியவர் எழுதற்க என்றது கருவியை நோக்கியன்று, நம்மை நோக்கி. அவர் விலக்கிய பகுதியைக் கருவியின் முன் வைத்ததே நம் குற்றம். சார்பு தருதல் என்னும் பெயரால், பிறர் நம்பிச் சொன்னவற்றையும், பேசினோர் பெயரையும், குடும்பச் செய்திகளையும் இணையவழிக் கருவிக்குள் இடுதல் ஆய்வறமன்று. தொழிலும் ஊரும் பொருள் தெளிதற்குப் போதியன; பெயர் வேண்டா. அதன்பின் எம் ஏடுகளினின்று அத்தகைய பகுதிகளை நீக்கிய பின்னரே பணித்தோம்.

8. வினாவும் விடையும்

நன்னூலார் கூறும் அறுவகை வினாக்களுள் அறிவினா, அறியாவினா என்னும் இரண்டும் ஈண்டுக் கருதத்தக்கன. ஆசிரியர் தாம் அறிந்ததனையே மாணவரிடம் வினவுதல் அறிவினா. மாணவர் தாம் அறியாததனை வினவுதல் அறியாவினா. கருவியிடம் பலரும் நேரே அறியாவினா எழுப்புகின்றனர். வந்த விடையைச் சோதித்தற்கு அவரிடம் அளவுகோல் இல்லை. பெரும்பணியை ஒப்படைக்குமுன் விடை தெரிந்த பத்துச் சொற்களை அறிவினாவாக இட்டுப் பார்த்தல் வேண்டும். அவற்றிற் பிழை நேருமிடத்தை நோக்கிப் பணிப்புரையைத் திருத்திய பின்னரே தெரியாத சொற்களுக்குச் செல்லல் வேண்டும். மூட்டம் முதலிய சொற்கள் எமக்கு இவ்வாறே உரைகல்லாயின.

விடை எட்டனுள் வினா எதிர் வினாதல் ஒன்று. 'பணியைத் தொடங்குமுன், பொருள் தெளிதற்கு இன்னும் எவை வேண்டுமென என்னை வினவுக' என்று பணிப்புரையின் இறுதியிற் சேர்த்தோம். கருவி, 'பேச்சு எந்தப் பருவத்தில் நிகழ்ந்தது?' என்றும், 'பேசியவர் நீர்ப்பாசனம் உள்ள ஊரினரா?' என்றும் வினவிற்று. யாம் சார்பெனக் கருதாது விட்டவை அவை. தம் உள்ளத்துள்ளது தமக்கு வெளிப்படையாதலின், எதனைச் சொல்லாது விட்டோம் என்பதைப் பணிப்போர் தாமே காண்டல் அரிது. எதிர்வினா அதனைக் காட்டித் தரும்.

9. மேற்கோளும் மெய்ம்மையும்

இதுகாறும் கூறியவற்றால், நல்ல பணிப்புரை வரையின் விடை முற்றும் மெய்யாம் என்று கொள்ளற்க. சார்பு பொருளைத் தெளிவிக்கும். இல்லாத சான்றைப் படைத்துத் தராது. ஆனால் கருவி படைத்துத் தரும், அதுவே இடர். தொடக்கத்தில் மேற்கோளை விலக்காது பணித்தபோது, மடை என்னும் சொல்லுக்குச் சங்கப் பாடலடி என்று ஓர் அடியைக் கருவி எழுதி, நூற்பெயரும் பாட்டெண்ணும் இட்டுத் தந்தது. ஓசையும் சொல்லும் சங்கச் செய்யுளை ஒத்திருந்தன. அச்சிட்ட பதிப்பை எடுத்துப் பார்த்தோம். அவ்வெண்ணில் அவ்வடி இல்லை. அந்நூலில் எவ்விடத்தும் இல்லை.

இத்தகைய பிழை தமிழாய்விற்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம், சாட்ஜிபிடி படைத்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டிய வழக்கறிஞர்க்கு 5,000 டாலர் தண்டம் விதித்தது. அடுத்த துண்டு யாது வரத்தக்கது என்று கணிக்கும் கருவிக்கு, மேற்கோள் போன்ற தொடரும் மேற்கோளும் தம்முள் வேறல்ல. வேற்றுமை காண்டல் நம் தொழில்.

ஆதலின் இரண்டு நெறிகளை எம் மாணவர்க்கு வகுத்துள்ளோம். மேற்கோள் வேண்டுமிடத்துப் பாடலையோ உரையையோ நாமே பதிப்பினின்று எடுத்து முன்வைத்து, 'இதனுள் உள்ளதைக் கொண்டு மட்டும் விடை தருக' என்று பணித்தல் ஒன்று. கருவி தந்த எதனையும் மூலத்தோடு ஒத்துநோக்காது ஏட்டிற் சேர்க்காமை மற்றொன்று. முன்னது பிழையைக் குறைக்கும். பின்னதே பிழையை நீக்கும். பணிப்புரையில் 'பொய்யான மேற்கோள் தரற்க' என்று எழுதிவிட்டுப் பதிப்பைப் புரட்டாதிருத்தல் காவலாகாது.

10. முடிவுரை

பல பொருள் ஒரு சொல் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியப்படும். அவை உதவாதவிடத்துச் சொல்வோன் கிளந்து கூறல் வேண்டும். மனிதரிடையே சார்பின் பெரும்பகுதி சொல்லாமலே அமைந்துகிடத்தலின் இந்நெறியின் அருமையை நாம் உணர்ந்திலோம். சார்பு அறியாத கருவியொன்று எதிர்ப்பட்டபோது அது புலனாயிற்று. ஆக்கியோன், வழி, எல்லை, யாப்பு, பொருள், கேட்போர், பயன், காலம் என்பவற்றை உரைத்தலும், தக்க காட்டுத் தருதலும், குன்றாமலும் மிகாமலும் முரணாமலும் மயங்காமலும் கூறலும், அறிவினாவாற் சோதித்தலும், எதிர்வினாவிற்கு இடந்தருதலும், மூலத்தோடு ஒத்துநோக்கலும் பணிப்போர் கடன் என்பது இதனாற் பெறப்படும்.

இறுதியாக ஒன்று. திருத்திய பணிப்புரைக்கு ஒவ்வொரு சொல்லோடும் தொடரும், ஊரும், பேசினவர் தொழிலும் வேண்டப்பட்டன என்று மேலே கூறினேன். அவற்றை எடுத்து வைக்க முற்பட்டபோதுதான், எம் சொற்றாள்கள் பலவற்றில் அவை எழுதப்படவே இல்லை என்பது தெரிந்தது. சொல் மட்டும் இருந்தது; அது வந்த பேச்சு இல்லை. மாணவர் மீண்டும் நரிக்குடிக்குச் சென்று, கண்மாய்க் கரையிலும் கரிமூட்டத்தருகிலும் நின்று, விடுபட்டவற்றைக் கேட்டு எழுதி வந்தனர். கருவிக்குச் சார்பு போதாமையின், நமக்கும் போதவில்லை என்பதை அறிந்தோம். அவ்வேடுகள் கருவியொன்றும் இல்லாத காலத்தும் பின்வரும் ஆய்வாளர்க்கு அவ்வூர்ச் சொல்லின் பொருளை அவ்வாறே உணர்த்தும்.